தலைக்கணக்கில் வராத தலைகள்

வளர்ந்துவரும் தொழில்நுட்ப நிறுவனங்களில் இப்போது ஒரு புதிய பதவி பரவிவருகிறது: ‘அலுவலக நிர்வாகம் மற்றும் ஊழியர் அனுபவ மேலாளர்’. ஐம்பது பேராக இருந்த நிறுவனம் ஐந்நூறு பேராக வளரும்போது நாற்காலி வாங்குவது, ஏசி பழுதானால் ஆள் கூப்பிடுவது, புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே மடிக்கணினியும் டி-ஷர்ட்டும் கொடுப்பது, பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘இங்கே வேலை செய்வது உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ என்று கருத்துக்கணிப்பு எடுப்பது எல்லாம் இவர் பொறுப்பு. கேட்பதற்கு நல்ல வேலைதான். வேலை செய்பவர்களின் மனநிலையைப் பற்றி யோசிக்க ஒரு நிறுவனம் தனியாக ஆள் வைப்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்த ‘ஊழியர்’ என்பவர் யார்?

முனைவர் பட்ட ஆய்வுக்கு வருவதற்கு முன் கிண்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தேன். என் கணினியில் தினமும் இரண்டு கோப்புகள் திறந்திருக்கும். ஒன்று எச்.ஆர். அனுப்பும் ஊழியர் பட்டியல். அதில் பெயர், பிறந்தநாள், ரத்த வகை, டி-ஷர்ட் அளவு, சைவமா அசைவமா என்பதுவரை இருக்கும். இன்னொன்று கான்ட்ராக்ட் நிறுவனம் மாதக் கடைசியில் அனுப்பும் பில். அதில் ஃபினாயில் இத்தனை கேன், டிஷ்யூ இத்தனை பெட்டி, குப்பைப் பை இத்தனை கட்டு என்று வரிசையாகப் போகும். அதே வரிசையில் ‘ஹவுஸ்கீப்பிங் 14, செக்யூரிட்டி 6, பேன்ட்ரி 3’ என்று மனிதர்களும் இருப்பார்கள். பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். ஒருவர் வரவில்லை என்றால் மாற்று ஆள் வருவார், எண்ணிக்கை சரியாக இருக்கும், பில்லுக்குப் பணம் போகும்.

முதல் கோப்பில் இருப்பவர்களுக்குத்தான் ‘அனுபவம்’. இரண்டாவது கோப்பில் இருப்பவர்கள் அந்த அனுபவத்தை உண்டாக்கித் தருபவர்கள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோரும் வரும்போது தரை காய்ந்திருக்கும்படி துடைத்து, கழிப்பறையில் நாற்றம் வராமல் பார்த்துக்கொண்டு, கூட்டம் முடிந்த அறையில் எச்சில் கோப்பைகளை எடுப்பவர்கள். ‘எங்கள் அலுவலகம் எவ்வளவு சுத்தம்!’ என்று கருத்துக்கணிப்பில் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் வரும். அந்தக் கருத்துக்கணிப்பு, சுத்தம் செய்தவர்களின் கைப்பேசிக்கு ஒருநாளும் வராது.

இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? என் ஊரிலிருந்தும்தான் வருகிறார்கள். திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது சென்னையின் எதிர்காலம் தெற்கே இருக்கிறது என்றார்கள். வடக்கே துறைமுகமும், அனல்மின் நிலையமும், எண்ணெய்ச் சுத்திகரிப்பும், உரத் தொழிற்சாலையும், கொடுங்கையூர் குப்பைமேடும் இருந்தன, இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. இன்று திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமலே கிண்டியில் இறங்கலாம். அந்த வண்டியில் கழுத்தில் அடையாள அட்டையோடு போகும் பொறியாளரும் உண்டு, பையில் யூனிஃபார்மை மடித்து எடுத்துப்போகும் அக்காவும் உண்டு. கிண்டியில் இறங்கும்வரை இருவரும் பயணிகள். கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஒருவர் ஊழியர், மற்றவர் ‘வெண்டர் ஸ்டாஃப்’.

2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூரில் வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் மக்கள் மூச்சுத் திணறி, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். வெள்ளம் வந்தால் பொறியாளருக்கு ‘வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள், பாதுகாப்பாக இருங்கள்’ என்று மின்னஞ்சல் போகும். துடைப்பத்தை வீட்டிலிருந்து பிடிக்க முடியாது. வராத நாளுக்குக் கூலி கிடையாது.

சுகாதாரம் என்ற பெயரில்

‘இது வர்க்கப் பிரச்சினை, இதில் சாதி எங்கே வந்தது?’ என்று கேட்பவர்கள் அலுவலகத்தின் பேன்ட்ரியைப் போய்ப் பார்க்கட்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் ஒரு புகார் வந்தது. துப்புரவு வேலை செய்யும் பெண்கள் மதியச் சாப்பாட்டை ஊழியர்களின் மைக்ரோவேவில் சூடாக்குகிறார்கள், ‘சுகாதாரமாக’ இல்லை என்று. மறுவாரமே அவர்கள் சாப்பிடும் இடம் தரைக்குக் கீழே, வாகன நிறுத்தத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துக்கு மாறியது. ஒரு சாதிப் பெயரைக்கூட யாரும் உச்சரிக்கவில்லை. காகிதத்தில் இருந்தது ‘சுகாதாரம்’ என்ற ஒரு சொல்தான். அந்த மைக்ரோவேவைத் தினமும் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்ததே அந்தப் பெண்கள்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இன்னொரு முறை பேன்ட்ரியில் ஆள் குறைந்தபோது, கழிப்பறைப் பக்கம் வேலை செய்த ஓர் அக்காவை அங்கே போடலாமே என்று கேட்டேன். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் பதறிவிட்டார். “வேணாம் மேடம். டாய்லெட் பாக்குறவங்கள பேன்ட்ரில போட்டா கம்ப்ளைன்ட் வரும். எல்லா கம்பெனிலயும் இப்படித்தான்.” கையைக் கழுவிவிட்டு வந்தாலும் கழுவ முடியாத ஏதோ ஒன்று அந்தக் கையில் இருப்பதாக அந்த அலுவலகம் நம்பியது. அதற்கு நம் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அதன் பெயர் தீட்டு.

பம்பாய் ஆலைகளின் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். அந்த எச்சில் பட்ட நூலைத் தொட மற்றவர்கள் தயாராக இல்லை. கூலி அதிகமான வேலை இப்படி அடைக்கப்பட்டது. 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தக் கதவைத் திறக்கச் சொல்லித் தொழிற்சங்கத் தலைமையிடமே வாதாடினார் அம்பேத்கர். நூறாண்டு ஆகப்போகிறது. ஆலைக்குப் பதில் கண்ணாடிக் கட்டடம் வந்துவிட்டது, நூலுக்குப் பதில் காபிக் கோப்பை வந்துவிட்டது. யார் எதைத் தொடலாம் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

இது ஏதோ ஓர் அலுவலகத்தின் தனிக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2014-ல் ‘தி இந்து’ நாளிதழ் தன் சென்னை அலுவலக உணவகத்துக்குள் அசைவம் கொண்டுவரக் கூடாது என்று ஊழியர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. பெரும்பான்மையான சைவ ஊழியர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதாம். 2024 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம் ‘தூய சைவ’ உணவைக் கொண்டுபோகத் தனிப் படையையும், அதற்குப் பச்சைச் சீருடையையும் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே சீருடையைக் கைவிட்டது. தனிப் படையைக் கைவிடவில்லை. யாருடைய சங்கடம் நிறுவனத்தின் விதியாகிறது, யாருடைய அவமானம் ‘சின்ன விஷயம்’ ஆகிறது என்பதை ஒவ்வோர் அலுவலகத்திலும் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவைச் செயல்படுத்துவதற்குப் பெயர்தான் அலுவலக நிர்வாகம்.

மாடியிலும் அதே காற்றுதான்

கீழ்த்தளத்தில் மட்டும்தான் சாதி இருக்கிறது, மேலே கணினிகளுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று நினைத்தால் அதுவும் பொய். 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. 2023-ல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கு கைவிடப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. 2022 ஏப்ரலில் கூகுளில் நடக்கவிருந்த தேன்மொழி சௌந்தரராஜனின் சாதி குறித்த உரை, நிறுவனத்துக்குள் எழுந்த எதிர்ப்பால் ரத்தானது. ஆப்பிளும் ஐ.பி.எம்.மும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் ‘சாதி’ என்ற சொல்லைச் சேர்த்தன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அமெரிக்காவில் ஒரு நகராட்சிக்குப் புரிந்தது, சாதி பிறந்து வளர்ந்த மண்ணில் இருக்கும் எச்.ஆர். துறைகளுக்குப் புரியவில்லையா?

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து தொடங்கிய போராட்டத்தின் வெற்றி அது. ஆனால் பெயரில் கிடைக்காததை முகவரியில் தேடுகிறார்கள். “சென்னையில எந்த ஏரியா?” என்ற கேள்வி வரும். “திருவொற்றியூர்” என்றால் ஒரு கணம் மௌனம். பிறகு “ஓ, நார்த் மெட்ராஸா! உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே” என்ற பாராட்டு. அது பாராட்டு இல்லை என்பது வடசென்னைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு ஆள் எடுப்பதில் தெரிந்தவர் பரிந்துரைக்குப் போனஸ், நேர்காணலில் ‘நம் கலாச்சாரத்துக்குப் பொருந்துவாரா?’ என்ற மதிப்பெண். யாருக்கு யாரைத் தெரியும், யாருடைய கலாச்சாரம் என்று கேட்டுப் பார்த்தால் அக்ரகாரத்துத் திண்ணையும் ஊர்த்தெருவும் அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது தெரியும்.

சட்டம் போட்ட கோடு

நிறுவனங்களைக் கேட்டால் ‘அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, கான்ட்ராக்டரைக் கேளுங்கள்’ என்பார்கள். இந்தப் பதிலுக்கு ஒன்றிய அரசே சட்ட வலுக் கொடுத்திருக்கிறது. 2020-ல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நிறுவனத்தின் ‘முதன்மைச் செயல்பாடு’ எது என்று வரையறுக்கிறது. முதன்மை வேலைகளில் பொதுவாகக் கான்ட்ராக்ட் கூடாது. ஆனால் கூட்டுவது, பெருக்குவது, குப்பை அகற்றுவது, காவல் காப்பது, கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், தோட்டவேலை எல்லாம், நிறுவனமே அந்தத் தொழிலுக்காக நடத்தப்படாதவரை, முதன்மை இல்லை என்று பட்டியல் போட்டு ஒதுக்கிவிட்டது. 1970-ஆம் ஆண்டின் கான்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம் 20 கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்தியது. புதிய சட்டம் அதை 50 ஆக்கிவிட்டது. 14 துப்புரவுப் பணியாளர்களும் 6 காவலாளிகளும் 3 பேன்ட்ரி ஆட்களும் கொண்ட ‘வளர்ந்துவரும்’ நிறுவனம் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே சுகமாக நின்றுகொள்ளலாம்.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். மலம், குப்பை, எச்சில், வாசல் காவல். தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டப்பட்ட வேலைகள் இவை? மனு ‘சேரிக்குப் போ’ என்றதை, நவீனச் சட்டம் ‘முதன்மை இல்லை’ என்கிறது. ஒருநாள், ஒரே ஒருநாள், உங்கள் அலுவலகக் கழிப்பறையை யாரும் கழுவவில்லை என்றால் எது முதன்மைச் செயல்பாடு என்று மூக்குக்குத் தெரிந்துவிடும்.

சட்டத்தால் இவர்களை ஊழியராக எண்ணவே முடியாதா? முடியும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் கான்ட்ராக்ட் தொழிலாளரும் வருகிறார். மேலாளர் மீது ஒரு துப்புரவுப் பணியாளர் புகார் கொடுத்தால் நிறுவனத்தின் உள்ளகக் குழு விசாரித்தே ஆகவேண்டும். ஆக, அதே பெண் ஒரு சட்டத்தில் ஊழியர், இன்னொரு சட்டத்தில் பில்லில் ஒரு வரி. எண்ண முடியாததால் எண்ணாமல் விடவில்லை. எண்ணினால் கொடுக்கவேண்டியிருக்கும் என்பதால்தான் விடுகிறார்கள்.

ராயபுரம் கேட்டதும் கிடைத்ததும்

இந்தக் கோட்டை நேருக்கு நேர் எதிர்த்தவர்கள் ராயபுரத்திலிருந்துதான் வந்தார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல், சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். தங்கள் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பதே கோரிக்கை. மாதம் 23,000 ரூபாய் அளவில் வாங்கும் ஊதியம் தனியாரிடம் போனால் 16,000 அளவுக்குக் குறைந்துவிடும் என்றார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு.

வேலை நிரந்தரம் கேட்டவர்களுக்கு இட்லி. இதுதான் ‘ஊழியர் அனுபவம்’ என்ற தத்துவத்தின் சாரம். உரிமை கேட்டால் சலுகை கொடு. ஊதிய உயர்வு கேட்டால் பீட்சா கொடு, எட்டு மணி நேர வேலை கேட்டால் யோகா வகுப்பு நடத்து, வேலைப் பாதுகாப்பு கேட்டால் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று சொல். சமூகநீதி பேசும் மாநகராட்சியும், கண்ணாடிக் கட்டடத்து நிறுவனமும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கின்றன. காலை உணவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உணவு கொடுக்கும் கை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஏன் நடுங்குகிறது என்றுதான் கேட்கிறேன்.

‘ஐ.டி.தானே நம் பிள்ளைகளைச் சேரியிலிருந்து வெளியே கொண்டுவந்தது’ என்று தோழர்கள் சிலர் கோபப்படலாம். உண்மை. என் தெருவிலேயே முதல் பட்டதாரிகள் பலர் அந்த வேலையால்தான் அப்பாவின் கடனை அடைத்தார்கள், தங்கையைப் படிக்கவைத்தார்கள். அந்தச் சம்பளத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. அதைக் கொடுத்தது நிறுவனத்தின் கருணை இல்லை. இடஒதுக்கீட்டில் கிடைத்த கல்லூரி இடமும், முதல் பட்டதாரி சலுகையும், அம்மாக்கள் அடகு வைத்த கம்மலும். ஒரு மகள் மேலேறி வந்ததைக் காட்டி, அதே கட்டடத்தில் அவள் அம்மா வயதுப் பெண்ணை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்வதை நியாயப்படுத்த முடியாது.

1921-ஐ மறக்கவேண்டாம்

வடசென்னைக்கு இது புதிய பாடமும் இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூரின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் அது ஒரு பெருமை. அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் பள்ளிக்கூடம், தொழிலாளர் குடியிருப்பு என்று நலப்பணிகளுக்கும் பேர்பெற்றதுதான். அன்றைய ‘ஊழியர் அனுபவம்’ அது. ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமும் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எம்.சி.ராஜா ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் பக்கம் நின்றார். வேலைநிறுத்தம் தோற்றது. ஆலைக்குள் ஒன்றாக நின்றவர்கள் ஆலைக்கு வெளியே ஊராகவும் சேரியாகவும் வாழ்ந்தார்கள். சங்கம் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. நிர்வாகம் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போனது.

இன்று ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசே 2016-ல் உறுதி செய்திருக்கிறது. ஆட்குறைப்பு நடக்கும்போதெல்லாம் சங்கம் பற்றிப் பேச்சு வருகிறது. நல்லது. ஆனால் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தில் துப்புரவுப் பணியாளருக்கும் காவலாளிக்கும் இடம் உண்டா? இல்லையென்றால் நாமும் இரண்டு கோப்புகளைத்தான் வைத்திருக்கிறோம். ஒரே ஒரு வித்தியாசம், இதில் செங்கொடி இருக்கும்.

சேர்ந்து நின்றால் கோடு நகரும் என்பதற்குச் சான்று தூரத்தில் இல்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதி உணவு நஞ்சானதால் பலர் மருத்துவமனையில் கிடந்தபோது, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். விடுதியை நடத்தியவர்கள் கான்ட்ராக்டர்கள். ஆனாலும் ஃபாக்ஸ்கானும், அதற்கு வேலை கொடுக்கும் ஆப்பிளும் விடுதிகள் தரமில்லை என்று ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது. ‘கான்ட்ராக்டரைக் கேள்’ என்ற பதில் சாலையில் செல்லுபடியாகவில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் அந்தக் கட்டடங்களில்தான் வேலை செய்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் நிறுவனத்தின் பாகுபாட்டுத் தடை விதிகளைத் திறந்து ‘சாதி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த கருத்துக்கணிப்பு வரும்போது, துப்புரவுப் பணியாளர்களிடமும் காவலாளிகளிடமும் தமிழில், கான்ட்ராக்டர் பக்கத்தில் இல்லாமல், கருத்துக் கேட்டால்தான் பதில் தருவோம் என்று சொல்லுங்கள். அவர்களும் நீங்கள் சாப்பிடும் மேசையில் சாப்பிடவேண்டும், நீங்கள் ஏறும் லிஃப்டில் ஏறவேண்டும். 2021-ல் தமிழ்நாடு கொண்டுவந்த உட்காரும் உரிமைச் சட்டத்தைக் காட்டி வாசல் காவலாளிக்கு நாற்காலி கேளுங்கள். கான்ட்ராக்டர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதைப் பார்க்காமல் பில்லுக்குப் பணம் போகக்கூடாது என்று நிர்வாகத்தை நெருக்குங்கள். ஆண்டு முழுக்க நடக்கும் வேலைக்கு ஆண்டு முழுக்க நிரந்தர ஊழியரை வை என்று சேர்ந்து குரல் கொடுங்கள்.

நிர்வாகப் பிரிவில் இருக்கும் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்த இரண்டு கோப்புகளும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. பில்லில் இருக்கும் ‘14’ என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பதினான்கு பெயர்களை எழுதுவதற்கு எந்த மேலாளரின் ஒப்புதலும் தேவையில்லை. நாளைக் காலை அதைச் செய்யுங்கள்.